அனுமதித்த பிழை

செக்காலை ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல் மாடி.
வலிக்காத கையை நீட்டச் சொன்னார் அடைக்கம்மை,
தோள் உயரத்துக்கு, பக்கவாட்டில்,
போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி.
மணிக்கட்டின் மேல் இரண்டு விரல்.
"அழுத்துவேன். தாங்குங்க. சண்டை போட வேண்டாம்."

நான் முத்திரை ஆய்வாளர்.
காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல்,
கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் எது ஆடினாலும்
அது நிற்குமிடத்தை நான் சொல்ல வேண்டும்.
இருபத்தாறு வருஷத்தில்
என்னை யாரும் தராசாக்கிப் பார்த்ததில்லை.
தோள்வலிக்குத்தான் வந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.
எலும்பு டாக்டர்தான், "சும்மா போய்ப் பாருங்களேன்" என்று
மாத்திரைச் சீட்டின் பின்னால் நம்பர் எழுதித் தந்தார்.

"உங்க பேரைச் சொல்லுங்க."
என் பெயர் இருதயராஜ்.
கை நின்றது.
"வேற பேர் ஏதாச்சும்."
என் பெயர் பழனியப்பன்.
கை இறங்கியது
ஈரத்துணியின் கனத்தோடு.
சிரிப்பு வந்தது எனக்கு.
இரண்டாம் முறை அவர் விரல்
மணிக்கட்டைத் தாண்டி அரை அங்குலம் போனதைப் பார்த்துவிட்டேன்.
கோலின் நீளம் கூடினால் கனம் கூடும்;
இதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

"மனசுல இருக்கறதைச் சொல்லுங்க.
உடம்பு ஒத்துக்குதான்னு பாப்போம்."
அலுவலகத்தில் எனக்கொரு பட்டப்பெயர் உண்டு.
விளையாட்டாக அதையே சொன்னேன்:
நான் கைசுத்தமானவன்.

விழுந்தது.

விரல் நகரவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை.
மின்விசிறி சுற்றியது. கீழே யாரோ
இருமல் மருந்துக்கு மீதிச் சில்லறை கேட்டார்கள்.
நானாகத்தான் சொன்னேன்:
"அது அனுமதித்த பிழைக்குள்தான் இருந்தது."

புதுவயல் அரிசி ஆலை. பதினோரு வருஷம் இருக்கும்.
நெல் நிறுக்கும் மேடைத் தராசு.
கல்லை ஏற்றினேன்: முள் எல்லையைத் தாண்டிக் குறைத்துக் காட்டியது.
மறுபடி ஏற்றினேன்: தாண்டவில்லை.
மூன்றாம் முறை ஏற்றியிருக்க வேண்டும்.
மணி ஐந்தரை. இரண்டாவதை எழுதினேன்.
முதலாளி ஊரிலேயே இல்லை.
ஒரு டீ கூடக் குடிக்கவில்லை நான்.
மூட்டைகளோடு வரிசையில் நின்ற வெள்ளைக்கண்ணு
"சரியா இருக்குங்களாய்யா?" என்றார்.
சரி என்றேன்.
அவ்வளவுதான். அதற்குள் ஒன்றுமே இல்லை,
எக்ஸ்ரேயில் போலவே.

ஆய்வாளன் புத்தி எங்கே போகும்?
அடுத்த வாரம் பத்து உறைகளோடு படியேறினேன்.
ஆபீஸ் சகாயமேரி எழுதி ஒட்டித் தந்தவை.
ஆயிரம் கிராம் ஒரு கிலோ,
அரியக்குடி கடலோரத்தில் இருக்கிறது,
இப்படி, மெய் ஐந்து பொய் ஐந்து.
எதில் எது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.
ஒவ்வொன்றாக நெஞ்சில் வைத்து
மற்ற கையை நீட்டினேன்.
பத்தில் ஐந்து சரி.
நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் ஐந்துதான் வந்திருக்கும்.

கருவி நிராகரிக்கப்பட்டது என்று
மனசுக்குள் சிவப்பு மையில் எழுதினேன்.
அடைக்கம்மைக்குக் கோபமில்லை.
உறைகளை ஒரே கட்டாகத் தட்டி அடுக்கி,
"அப்ப ஃபீஸும் பாதி குடுங்க சார்" என்றார்.

இறங்கும்போது, அழுத்த ஆளில்லாத படிக்கட்டில்,
அந்த வாக்கியத்தை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன்.
கை பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.
வாய்தான் பாதியில் நின்றது.

மறுநாள் புதுவயல் போனேன்.
ஆலை கைமாறியிருந்தது.
"அந்தத் தராசு பழைய இரும்புக்குப் போய் ஏழு வருஷமாச்சு,
இது போன மாசம் நீங்களே முத்திரை போட்டதுங்களே சார்"
என்று மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
வெள்ளைக்கண்ணு என்ற பெயர் அவருக்குத் தெரியவில்லை.

உட்காரவில்லை.
இருபது கிலோக் கல்லை ஏற்றினேன், இறக்கினேன்.
ஏற்றினேன், இறக்கினேன்.
ஏற்றினேன்.
சிவப்பு எண்கள் மூன்று முறையும் அசையாமல் நின்றன.
மூன்றையும் எழுதிக்கொண்டேன்.
தோள் வலித்தது.